நூறு வரை எண்ணுகிறான், தண்ணீர் கேட்கத் தெரியவில்லை

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைக்கு அருகிலிருந்து ஓர் இளம் தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். தாய் ஓர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில், கணக்கு எழுதுகிறார். காலையில் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறு மணியாகிவிடும். கணவர் ஷார்ஜாவில் வேலை செய்கிறார். பகல் முழுவதும் பையனைப் பார்த்துக்கொள்வது மாமியார். மாமனார் விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு முற்பகலில் வருகிறார். பத்து மாதத்தில் சோறு ஊட்டுவதற்காகச் செல்போனில் ஆங்கிலப் பாட்டு காட்டத் தொடங்கியிருக்கிறார்கள். பிறகு பெரிய டிவி வந்தது. கார்ட்டூன் சண்டைகள் எதுவும் கிடையாது. எழுத்து, எண், நிறம், வடிவம் சொல்லித்தரும் சேனல்கள் மட்டும்தான். ஆனால் ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து மணி நேரம்.

பையன் இப்போது ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்கிறான். நூறு வரை எண்ணுகிறான். அறுகோணத்தைப் பார்த்து 'ஹெக்ஸகன்' என்கிறான். ஆனால் தாகம் எடுத்தால் வாய் திறப்பதில்லை; தாயின் கையைப் பிடித்துக் குடத்தடிக்கு இழுத்துப் போகிறான். பெயர் சொல்லி அழைத்தால் சில நேரம்தான் திரும்பிப் பார்க்கிறான். "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், அவன் பாட்டாவே (தாத்தாவே) நாலு வயதில்தான் பேசினார்" என்கிறார் மாமியார். "பாறசாலையிலிருக்கும் உன் அம்மா வீட்டில் மலையாளம் பேசுகிறீர்கள், அதனால்தான் குழம்பிப் போய்விட்டான்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மழலையருக்கான பாடங்களோடு வரும் டேப்லெட் கணினி (டேப்) ஒன்றைத் தவணையில் வாங்கித் தரலாம் என்கிறார் கணவர். மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கைக்கு நேர்காணல் உண்டாம். 'நல்ல நிகழ்ச்சிகளைத்தானே காட்டினேன், நான்தான் என் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனா? இது ஆட்டிசமா?' என்று முடிகிறது கடிதம்.

சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் பிள்ளையைக் கெடுக்கவில்லை. வேலைக்குப் போகும் தாய், முழங்கால் வலியோடு பேரனைத் தூக்கி வளர்க்கும் பாட்டி, கடல் கடந்து உழைக்கும் தகப்பன் என்று மூன்று பேர் ஒரு குழந்தைக்காகப் பாடுபடும் வீடு உங்களுடையது. பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையில் வாங்கிய டிவி அது. இனி என்ன செய்வது என்பதில் மட்டும் கவனத்தை வையுங்கள். செய்வதற்கு நிறைய இருக்கிறது, காலமும் கைமீறிப் போகவில்லை.

முதலில் காது, பிறகு மற்றவை

எழுத்தையும் எண்ணையும் வரிசை பிசகாமல் சொல்வது நினைவாற்றல். அது உங்கள் மகனிடம் நன்றாகவே இருக்கிறது. பேச்சு வேறு. இன்னொருவரிடம் ஒன்றைக் கேட்க, காட்ட, மறுக்கச் சொல்லைப் பயன்படுத்துவதுதான் பேச்சு. இரண்டு வயது நிறைந்த குழந்தை 'பாட்டா வா', 'பால் வேண்டாம்' என்று இரண்டு சொற்களையாவது தானாகச் சேர்த்துப் பேச வேண்டும். மூன்றை நெருங்கும்போது சின்னச் சின்ன வாக்கியங்கள் வர வேண்டும். உங்கள் மகனுக்கு அவை வரவில்லை. ஆகவே இன்னும் பொறுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையை மட்டும் கைவிடுங்கள். ஆண் குழந்தைகள் சராசரியில் கொஞ்சம் பிந்திப் பேசுவது உண்மைதான்; ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சொல்லும் அளவுக்கானது அல்ல. பாட்டா நாலு வயதில் பேசியிருக்கலாம். அதே போலத் தாமதித்து, உதவி கிடைக்காமலே வளர்ந்தவர்களின் கதையை வீடுகளில் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை.

டிவியில் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறானே, காதில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று நினைப்பீர்கள். சளி பிடித்துப் பிடித்து நடுச்செவியில் நீர் தேங்கிய குழந்தைக்கு, சத்தமாக வைத்த டிவி கேட்கும். அடுக்களையிலிருந்து நீங்கள் அழைப்பது சரியாகக் கேட்காது. எனவே காது பரிசோதனை கட்டாயம். ஆசாரிபள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் போய், பேச்சு வரவில்லை, கேட்கும் திறனும் வளர்ச்சியும் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஆட்டிசமா என்பதைக் கடிதத்தை வைத்து எந்த மருத்துவரும் சொல்லக்கூடாது. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் போவதற்கு முன் சிலவற்றைக் கவனித்து வையுங்கள். தனக்கு வேண்டியதை விரல் நீட்டிக் கேட்பது ஒன்று. காக்கையையோ பஸ்ஸையோ பார்த்துவிட்டு, நீங்களும் பார்க்க வேண்டும் என்பதற்காக விரல் நீட்டி, உங்கள் முகத்தையும் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது அவனிடம் இருக்கிறதா? காலி டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் விளையாடுகிறானா? நீங்கள் காலை இடித்துக்கொண்டு 'ஐயோ' என்றால் நின்று பார்க்கிறானா? மருத்துவர் கேட்கப்போவதும் இவற்றைத்தான். விடை எதுவானாலும் கலங்காதீர்கள். பேச்சுப் பயிற்சியைத் தொடங்க நோயின் பெயர் முடிவாக வேண்டும் என்பதில்லை.

டிவி என்ன கற்றுத்தரும், யாருக்கு

டிவி பார்த்ததால் ஆட்டிசம் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அப்படி யாராவது உங்களைக் குற்றம் சாட்டினால் அதை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஆனால் 'கல்வி நிகழ்ச்சிதானே, எவ்வளவு பார்த்தாலும் நல்லதுதான்' என்ற உங்கள் எண்ணத்தைக் கொஞ்சம் திருத்தியாக வேண்டும்.

கல்வித் தொலைக்காட்சி பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1969 நவம்பரில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி தொடங்கியபோது, ஏழை வீட்டுக் குழந்தைகள் பள்ளிக்குப் போகும்முன் பின்தங்கிவிடக் கூடாது என்ற நோக்கத்தோடு, குழந்தைகளிடம் காட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு பகுதியையும் உருவாக்கினார்கள். தொடர்ந்து பார்த்த குழந்தைகள் எழுத்தும் எண்ணும் கூடுதலாகக் கற்றதை முதல் ஆண்டு ஆய்வே காட்டியது. ஆனால் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறோம். அது மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டது. அதிலும், தாயோடு உட்கார்ந்து பார்த்து, பார்த்ததைப் பற்றிப் பேசிய குழந்தைகளே அதிகம் கற்றார்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே கதை வேறு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா கூல் 2003-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். சீன மொழியையே கேட்டறியாத ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள். ஒரு குழுவோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள்; மொத்தம் 12 அமர்வுகள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே பொம்மைகள் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் நுண்ணிய ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறிந்தார்கள். திரையில் பார்த்தவர்கள் எதையும் கற்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் குழந்தைகள் திரையைக் கவனிக்காமல் இருக்கவில்லை.

காரணத்தை யோசித்தால் புரியும். குழந்தை 'ஆ' என்றால் திரை பதில் சொல்லாது. அவன் எதைப் பார்க்கிறான் என்று பார்த்து அதன் பெயரைச் சொல்லாது. அவன் காத்திருந்தாலும் போய்க்கொண்டே இருக்கும். கைக்குழந்தைகளைப் புத்திசாலி ஆக்கும் என்று பெற்றோர் நம்பி வாங்கிய 'பேபி ஐன்ஸ்டீன்' குறுந்தகடுகளுக்கு, எதிர்ப்புகளுக்குப் பிறகு 2009-இல் பணத்தைத் திருப்பித்தர டிஸ்னி நிறுவனம் முன்வந்தது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பி ஏமாந்த தாய் நீங்கள் மட்டும் அல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2019-இலும் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021-இலும் சொன்ன அளவு ஏறத்தாழ ஒன்றே: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், அதன் பிறகு ஐந்து வயதுக்குள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைவு நல்லது. பேச்சு வராத உங்கள் மகனுக்கு நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். அடுத்த மூன்று மாதம் அவன் தனியாக டிவி பார்ப்பதே வேண்டாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே பார்க்கும் அரை மணி நேரம் போதும்.

யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியையும் கணக்கில் சேருங்கள். குழந்தைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவி பொருத்தி அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், டிவி சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்ட சொற்கள் 500 முதல் 1,000 வரை குறைந்தன. மாலையில் உங்கள் வீட்டில் தொடர்கள் ஓடும் நேரம்தான் நீங்கள் வேலை முடிந்து வந்து பிள்ளையோடு பேசக்கூடிய நேரமும். மாமியாரிடம் குற்றம் சொல்லும் தொனியில் இதைப் பேசாதீர்கள். நாள் முழுவதும் குழந்தையோடு இருந்தவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஓய்வு. அவன் தூங்கிய பிறகு பார்க்க ஏற்பாடு செய்து கொடுங்கள். அல்லது நீங்கள் அவனைத் திண்ணைக்குக் கூட்டிப் போங்கள்.

ஷார்ஜாவிலிருந்து பேசும் அப்பா

இதைப் படித்துவிட்டு வீடியோ அழைப்பையும் நிறுத்திவிடாதீர்கள். அது திரைதான் என்றாலும் அதில் இருப்பவர் பதில் சொல்கிறார். இரண்டு வயதுக் குழந்தைகளை வைத்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், நேரில் சொல்லிக்கொடுத்தபோதும் வீடியோ அழைப்பில் சொல்லிக்கொடுத்தபோதும் குழந்தைகள் புதிய சொல்லைக் கற்றார்கள். பதிவு செய்த காட்சியில் கற்கவில்லை. குழந்தையின் முகம் பார்த்து உடனுக்குடன் மறுமொழி கிடைத்ததுதான் வித்தியாசம்.

ஆனால் அழைப்பில் அப்பா என்ன செய்கிறார் என்பது முக்கியம். 'ஏ, பி, சி சொல்லு', 'இது என்ன கலர்' என்று அவரும் தேர்வு நடத்தினால் பலன் இல்லை. தோர்த்தால் (துண்டால்) முகத்தை மூடிக்கொள்ளட்டும். 'அப்பா எங்கே?' என்று நீங்கள் கேளுங்கள். பையன் திரையைத் தொட்டதும் தோர்த்தை விலக்கிச் சிரிக்கட்டும். அங்கே ஒரு தம்ளர், இங்கே ஒரு தம்ளர். இருவரும் சேர்ந்து குடிக்கட்டும். குழந்தை ஒரு பொம்மைக் காரைத் தூக்கிக் காட்டினால், 'கார்! சிவப்புக் கார்! ஓட்டு!' என்று அவர் சொல்லட்டும். பத்து நிமிடம் போதும். நெட்வொர்க் விட்டுவிட்டு வரும் நேரத்தில் பேசாதீர்கள்; பதில் தாமதமானால் இந்த நன்மையே போய்விடும். டேப்புக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் நல்ல இணைய இணைப்பு வாங்கச் சொல்லுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்

அவன் திரையில் கற்றது வீண் என்று ஒதுக்க வேண்டாம். அதையே பேச்சாக்கலாம். மீன்காரம்மா கூடையை இறக்கிச் சாளையை (மத்தி மீனை) எண்ணிப் போடும்போது அவனைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பாட்டி ஒரு சாளையைச் சட்டியில் போட்டு 'ஒன்று' என்கிறார். அடுத்ததைப் போட்டு 'இரண்டு' என்கிறார். மூன்றாவதைக் கையில் பிடித்தபடி அவன் முகத்தைப் பார்த்துப் பேசாமல் நிற்கிறார். அவன் 'த்ரீ' என்பான். 'ஆமாம், மூன்று!' என்று சட்டியில் போட வேண்டும். அவன் சொன்னதால் ஒரு மீன் சட்டியில் விழுந்தது. தன் சொல்லுக்கு ஒரு மனிதர் அசைந்தார் என்பதை எந்தச் சேனலும் அவனுக்குக் காட்டியிருக்க முடியாது.

இந்த நிறுத்தம் பேச்சுப் பயிற்சியாளர்கள் செய்யும் வேலையில் ஒரு முக்கியப் பகுதி. நம் பாட்டிமாருக்கு அது ஏற்கெனவே தெரியும். உள்ளங்கையில் நண்டு ஊறவிட்டு, விரல்கள் முழங்கை ஏறி, அக்குள் பக்கம் வந்ததும் சட்டென்று நிற்கும் விளையாட்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு நொடியில் குழந்தை உங்கள் கண்ணைப் பார்க்கும். கிச்சுக்கிச்சு மூட்டுவதற்குமுன் அந்தப் பார்வைக்காகவோ, ஒரு சிறு சத்தத்துக்காகவோ காத்திருங்கள்.

அவன் உங்களைக் குடத்தடிக்கு இழுக்கும்போது 'தண்ணீர் என்று சொன்னால்தான் தருவேன்' என்று பிடித்து வைக்காதீர்கள். அது அழுகையில் முடியும். குனிந்து அவன் முகத்துக்கு நேராக வந்து, 'தண்ணீர் வேண்டுமா? தண்ணீர்!' என்று சொல்லிக் கொடுங்கள். இன்னொரு நாள் ஒரு கையில் பால், ஒரு கையில் தண்ணீர் என்று காட்டி எது என்று கேளுங்கள். விருந்தாளி வந்தால் அவனை நிற்க வைத்து நூறு வரை எண்ணச் சொல்வதையும் நிறுத்துங்கள். அவனிடம் கேள்வி கேட்பதைக் குறைத்து, அவன் பார்ப்பதைப் பற்றிச் சொல்வதைக் கூட்டுங்கள்.

மாமனார் பால்வெட்டு முடிந்து வந்ததும், ரப்பர் ஷீட் உலர்த்தும் கொடிக்குக் கூட்டிப் போகட்டும். வெள்ளை ஷீட் எது, காய்ந்து மஞ்சளானது எது என்று தொட்டுக் காட்டலாம். ஷீட் அடிக்கும் இடத்தில் ஆசிட் இருக்கும். அதன் பக்கம் மட்டும் குழந்தையை விட வேண்டாம். பாட்டி மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தோலுரிக்கும்போது துண்டுகளைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போடும் வேலையை அவனுக்குக் கொடுக்கலாம். இவற்றுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, வேலையோடு வேலையாக நடக்கும்.

சாப்பாட்டு நேரத்திலிருந்து திரையை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். சில நாள்கள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். நல்ல உடல்நிலையில் உள்ள குழந்தை பசித்தால் சாப்பிடும். அரை மணி நேரத்துக்கு மேல் தட்டை வைத்துக்கொண்டு துரத்த வேண்டாம். எடை குறைவாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். வீட்டில் நான்கு பேரும் ஒரே முடிவில் நிற்க வேண்டும். ஒருவர் இரக்கப்பட்டுப் போனை நீட்டினால், நீண்ட நேரம் அழுதால் கிடைக்கும் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான்.

பெரியவரோடு டிவி பார்க்கும் அந்த அரை மணி நேரத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? நொடிக்கொரு காட்சி மாறாதது, குழந்தை பதில் சொல்ல நிறுத்தி இடம் விடுவது, வீட்டு மொழியில் இருப்பது. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நல்லதே. 1996-இல் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற நிகழ்ச்சியை ஒரே பகுதி ஐந்து நாள் தொடர்ந்து வரும்படிதான் ஒளிபரப்பினார்கள், குழந்தை மூன்றாவது நாளில் முந்திக்கொண்டு பதில் சொல்லும் என்பதற்காக. அடுத்த காட்சி தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். நம் அரசு 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி நல்ல முயற்சி, ஆனால் அது பள்ளிப் பிள்ளைகளுக்கானது. உங்கள் மகனுக்கு இப்போது தேவையில்லை.

மலையாளம், எல்.கே.ஜி., டேப்

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. இரு மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். விளவங்கோடு வட்டாரத்தில் இரண்டு மொழியும் பேசி வளர்ந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். உங்கள் தாய் பேரனிடம் மலையாளத்திலேயே பேசட்டும். மனத்திலிருந்து வரும் மொழியில்தான் கொஞ்ச முடியும். உங்கள் மகனின் மூன்றாவது மொழியான ஆங்கிலத்தை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதில் அவனோடு வீட்டில் யாரும் பேசுவதில்லை.

நேர்காணலுக்காக அவனைத் தயார்படுத்த வேண்டாம். இப்போது அவனுக்குத் தேவை மற்றக் குழந்தைகள். உங்கள் ஊர் அங்கன்வாடியில் இரண்டு வயது முடிந்ததும் சேர்க்கலாம், கட்டணம் கிடையாது. அங்கே சோறும் முட்டையும்தான் கிடைக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாட்டும் விளையாட்டுமாக முன்பருவக் கல்வியும் உண்டு. தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவும் ஆண்டுக்கு இருமுறை அங்கே வந்து வளர்ச்சிக் குறைபாடுகளைப் பரிசோதிக்க வேண்டும். உங்கள் அங்கன்வாடியை நேரில் போய்ப் பாருங்கள். பணியாளர் குழந்தைகளோடு பேசுகிறாரா என்பதைக் கவனித்து முடிவெடுங்கள். எல்.கே.ஜி. ஓர் ஆண்டு தள்ளிப் போனால் ஒரு நஷ்டமும் இல்லை.

டேப் வேண்டாம். இந்த வயதில் அது இன்னொரு டிவிதான். மேலும், மாதத் தவணை என்று சொல்லப்படுவது பல இடங்களில் உங்கள் கணவர் பெயரில் எடுக்கும் கடன். பாடத்தை நிறுத்தினாலும் கடன் நிற்காமல் போகலாம். விற்பவர் வீட்டுக்கு வந்து இலவசத் தேர்வு வைத்து, பிள்ளை பின்தங்கியிருக்கிறான் என்று பயமுறுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆசாரிபள்ளம் போகும்போது மூன்றைக் கொண்டு போங்கள். பிறந்ததிலிருந்து உள்ள தடுப்பூசி அட்டை. டிவி அணைந்திருக்கும்போது நீங்களும் அவனும் விளையாடும் இரண்டு நிமிட வீடியோ. யாரும் கேட்காமல், தனக்கு வேண்டி அவன் தானாகச் சொல்லும் சொற்களின் பட்டியல். தமிழ், மலையாளம், ஆங்கிலம் எதுவானாலும் எழுதுங்கள், அரைகுறை உச்சரிப்பையும் சேருங்கள். புறநோயாளிகள் பிரிவில் காலையில் கூட்டமாக இருக்கும். மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள், பகலில் அவனோடு இருப்பவர் அவர்தான், மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு விடை அவரிடம் இருக்கிறது. காது பரிசோதனை முடிவு வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.